தட்டில் எந்தத் திமிங்கிலம்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவும் சமூகமும் என்ற எல்லைக்குள் எந்தப் பொருளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். கருவாட்டைப் பற்றியோ கம்பங்கூழைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் திமிங்கில இறைச்சி உண்பதைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் சச்சரவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நமக்குத் தொலைவான விவகாரம்தான். ஆனாலும் ஓர் உணவு எப்போது பண்பாடு என்று பெயர் பெறுகிறது, அந்தப் பெயரை அதற்குச் சூட்டுபவர் யார் என்று பார்க்க இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

2018 டிசம்பர் 26 அன்று, சர்வதேசத் திமிங்கில ஆணையத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் அறிவித்தது. 2019 ஜூன் 30 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே ஹொக்கைடோ தீவின் குஷிரோ துறைமுகத்திலிருந்து படகுகள் புறப்பட்டன. முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு வணிக வேட்டை மறுபடி தொடங்கியது. பன்னாட்டு அமைப்புகளோடு ஒத்துப்போவதில் பெருமை கொள்ளும் நாடு இப்படி ஓர் அமைப்பை விட்டு வெளியேறுவது அரிதிலும் அரிது. அப்படியானால் அந்த இறைச்சி அவர்களின் அன்றாடச் சாப்பாடு போலும் என்றுதான் நினைப்போம். கணக்கு வேறாக இருக்கிறது. 1962இல் ஜப்பானியர் உண்ட திமிங்கில இறைச்சி ஏறத்தாழ 2,30,000 டன். அன்று மாட்டிறைச்சியைவிட அது அதிகம். இன்று ஏறத்தாழ 2,000 டன், அதாவது நூறில் ஒரு பங்கு. பெரும்பாலோர் ஆண்டு முழுதும் ஒரு துண்டைக்கூடத் தொடுவதில்லை. கிட்டத்தட்ட யாரும் உண்ணாத ஓர் உணவுக்காக ஒரு நாடு ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறது என்பதுதான் இன்று என் கேள்வி.

பழைய கதையிலிருந்து வருவோம். வாகயாமா மாவட்டத்தில் தைஜி என்று ஒரு சிறிய கடற்கரை ஊர். 1606இல் அங்கே வாடா குடும்பத்தார் வேட்டைக் குழுக்களை அமைத்தார்கள். 1675 வாக்கில் வலையிட்டு மறித்து ஈட்டி எறியும் முறை வந்தது. குன்றின் மேல் காவலர்கள் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். திமிங்கிலத்தின் மூச்சு நீர் தெரிந்ததும் புகையும் கொடியும் காட்டுவார்கள். வண்ணம் தீட்டிய படகுகள் விரைந்து சென்று விலங்கை வலைப் பக்கம் ஓட்டும். வலையில் சிக்கித் தளர்ந்த திமிங்கிலத்தின் முதுகில் ஒருவன் ஏறி, மூக்குத் துளையருகே அரிவாளால் துளையிட்டுக் கயிற்றைக் கோர்ப்பான். இரண்டு படகுகளுக்கிடையே அதைக் கட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள். உயிர் பிரியும் வேளையில் படகில் இருப்பவர்கள் அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லி வணங்குவார்கள். ஒரு குழுவில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். படகு கட்டுவோர், கொல்லர், வலை முடைவோர், கணக்கர் எல்லோரும் அதில் அடக்கம். ஒரு திமிங்கிலம் பிடிபட்டால் ஏழு ஊர்கள் செழிக்கும் என்பது அவர்கள் பழமொழி.

மேற்கே இக்கித்சுக்கித் தீவில் மாசுதோமி குடும்பம் இன்னும் பெரிய அளவில் வேட்டை நடத்தியது. 1832இல் அங்கிருந்து ஒரு சமையல் நூல் வந்தது. திமிங்கிலத்தின் ஏறத்தாழ எழுபது பாகங்களைப் பெயர் சொல்லிப் பிரித்து, எதை எப்படிச் சமைப்பது என்று அது விவரிக்கிறது. வால் சதை, நாக்கு, குடல், ஈறு என ஒன்றையும் விடவில்லை. இன்றும் ஒசாகாவில் கீரையோடு வேகவைக்கும் திமிங்கிலக் குழம்பு உண்டு. வடக்கே புத்தாண்டுக்குக் கொழுப்புத் தோலைப் போட்டு சூப் வைக்கும் ஊர்கள் உண்டு. ஆட்டில் தலை முதல் குடல் வரை வீணாக்காமல் சமைக்கிற நமக்கு அந்த எழுபது பாகக் கணக்கு வியப்பாக இராது.

யமாகுச்சி மாவட்டத்தின் நாகதோ பகுதியில் கயோய் என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே 1692இல் எழுப்பிய திமிங்கிலக் கல்லறை ஒன்று இருக்கிறது. வெட்டிய தாயின் வயிற்றில் குட்டி இருந்தால், அதைப் பாயில் சுற்றி, கடலைப் பார்த்தபடி புதைத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட குட்டிகள் அங்கே கிடக்கின்றன. அந்த ஊர்க் கோயிலில் கொன்ற திமிங்கிலங்களுக்கு, மனிதர்க்கு இறந்தபின் சூட்டுவது போலவே, புத்த முறைப்படி பெயர் சூட்டிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான சென்சாக்கியில் 1903இல் பிறந்த கவிஞர் கனேகோ மிசுசு அந்த நினைவுச் சடங்கைப் பற்றியே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இதைப் பசப்பு என்று சிலர் சொல்வார்கள். கொன்றுவிட்டு எதற்குப் பூசை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொன்றதைக் கணக்கில் எழுதி வைப்பதே ஒரு பொறுப்பு. கசாப்புக்கூடத்தைச் சுவருக்குப் பின்னால் மறைத்துவிட்ட நம் காலத்துக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

இதுவரை கேட்டால், ஜப்பான் அரசு சொல்வது சரிதானே, நானூறு ஆண்டுப் பண்பாடுதானே என்று தோன்றும். கொஞ்சம் வடக்கே போவோம்.

அஓமோரி மாவட்டத்தில், இன்றைய ஹச்சினோஹே நகரை ஒட்டி, சமே என்ற மீனவர் ஊர். அங்குள்ளவர்களுக்குத் திமிங்கிலம் உணவாக இருக்கவில்லை. மத்தி மீன் கூட்டத்தைக் கரைப் பக்கம் ஓட்டி வரும் தெய்வமாக, எபிசுவாக, அதை வணங்கினார்கள். அந்த ஊரில் தோயோ என்ற வேட்டை நிறுவனம் திமிங்கிலம் வெட்டும் நிலையம் ஒன்றை அமைத்தது. இரத்தமும் எண்ணெயும் கடலில் கலந்தன. மத்தி குறையும், நம் பிழைப்பு போகும் என்று மீனவர்கள் முறையிட்டுப் பார்த்தார்கள். 1911 நவம்பர் 1 அன்று திரண்டு போய் அந்த நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். வேட்டையை எதிர்த்த இந்த மீனவர்களும் ஜப்பானியர்தான். அவர்கள் நம்பிக்கையும் பண்பாடுதான். அரசின் கையேடுகளில் தைஜிக்குக் கிடைக்கும் இடம் சமேவுக்குக் கிடைப்பதில்லை.

அந்த நிறுவனத்தின் முறையும் பழைய முறை அன்று. 1899இல் ஓகா ஜூரோ என்பவர் நார்வே நாட்டு முறையைக் கொண்டுவந்தார். நீராவிக் கப்பல், முனையில் பீரங்கி, அதிலிருந்து வெடித்துப் பாயும் ஈட்டி. தொடக்கத்தில் பீரங்கியை இயக்கியவர்களும் நார்வேக்காரர்கள்தான். கொரியக் கடல் வரை போய் வேட்டையாடினார்கள். தைஜியின் வலை வேட்டை அதற்கு முன்பே ஒடிந்துவிட்டது. அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானை ஒட்டிய கடலில் ரைட் திமிங்கிலங்களை எண்ணெய்க்காகக் கொன்று தீர்த்தன. கரைக்கு வருபவை அருகிப்போயின. 1878 டிசம்பர் 24 அன்று, பல நாள் வெறுங்கையோடு இருந்த தைஜிக்காரர்கள், கெட்ட வானிலையில், குட்டியோடு வந்த ஒரு ரைட் திமிங்கிலத்தைத் துரத்தினார்கள். குட்டியோடு வருவதைத் தொடாதே என்பது அவர்கள் முன்னோர் சொல். அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கடலோடு போனார்கள். தைஜியின் பழைய வேட்டை அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஆக, 1934இல் ஜப்பானியக் கப்பல்கள் அண்டார்டிகாவுக்குப் போனபோது எடுத்துச் சென்றது தைஜியின் வலையை அன்று; நார்வேயின் பீரங்கியைத்தான். போருக்குப் பிறகு நாடு பட்டினியில் கிடந்தது. ஆக்கிரமிப்புப் படைத் தலைவர் மெக்கார்தர் 1946இல் அண்டார்டிக் வேட்டைக்கு மறுபடி அனுமதி தந்தார். அடுத்த ஆண்டு ஜப்பானியருக்குக் கிடைத்த விலங்குப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி திமிங்கிலம். பள்ளி மதிய உணவில் சோயா சாறில் ஊறவைத்து மாவில் பிரட்டிப் பொரித்த திமிங்கிலத் துண்டு வந்தது. இன்று எழுபதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், சவைக்கச் சவைக்கப் பல்லில் சிக்கும் அந்தத் துண்டைத்தான் சொல்வார்கள். சிலர் ஏக்கத்தோடு, சிலர் முகம் சுளித்து. நாடு முழுதும் திமிங்கிலம் உண்டது அந்த ஒரு தலைமுறைதான். அது பஞ்ச காலத்தின் நினைவு; மலிவான புரதத்தின் நினைவு. கோழியும் பன்றியும் மலிவானதும் மக்கள் சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டார்கள். யாரும் தடுத்து விடவில்லை.

கடலில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கொல்லப்பட்ட பெரிய திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். அண்டார்டிக் நீலத் திமிங்கிலம் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தது, சில நூறாகச் சுருங்கியது. இதில் பிரிட்டனுக்கும் நார்வேக்கும் பெரும்பங்கு உண்டு. எண்ணெயை எடுத்து மார்கரின் செய்தார்கள். இறைச்சியைப் பெரும்பாலும் கடலில் தள்ளினார்கள். சோவியத் கப்பல்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் திமிங்கிலங்களைக் கணக்கில் காட்டாமலே கொன்றன. ஆஸ்திரேலியா 1978 வரை வேட்டையாடியது. தூக்கி எறிந்தவர்கள் இன்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று ஜப்பானியர் கசந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கையும் சுத்தமில்லை. கடலோர வேட்டையில் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதை 1990களின் இறுதியில் அம்பலப்படுத்தியவர் தோஷியோ கசுயா என்ற ஜப்பானிய அறிவியலாளரே.

1972இல் ஸ்டாக்ஹோம் மாநாடு பத்தாண்டுத் தடை வேண்டும் என்றது. 1982இல் ஆணையம் 25க்கு 7 என்ற வாக்கில் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது. ஜப்பான் முதலில் ஆட்சேபித்தது. அலாஸ்கா கடலில் உங்கள் மீன்பிடிப் பங்கைப் பறிப்போம் என்று அமெரிக்கா மிரட்டவே, ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அலாஸ்காப் பங்கும் கைவிட்டுப் போயிற்று. அன்று விழுந்த அடியை டோக்கியோவின் மீன்வளத் துறை அதிகாரிகள் மறக்கவே இல்லை. இந்தச் சச்சரவில் பண்பாட்டைவிட அதிகாரிகளின் மானம்தான் பெரிது என்று நான் கருதுவதற்கு இது முதல் காரணம்.

அதன்பின் வந்தது ஆராய்ச்சி வேட்டை. ஆணையத்தின் உடன்படிக்கையில் அறிவியலுக்காகக் கொல்ல இடம் உண்டு. கொன்றதை வீணாக்கக் கூடாது என்றும் உண்டு. 1987 முதல் அண்டார்டிகாவில் கொன்று, அளந்து, இறைச்சியைச் சந்தையில் விற்றார்கள். ஆஸ்திரேலியா வழக்குப் போட்டது. 2014 மார்ச் 31 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 12க்கு 4 என்று ஜப்பானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005இல் தொடங்கிய திட்டத்தில் மிங்கி என்ற வகைத் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 3,600ஐக் கொன்றிருக்கிறீர்கள், அதிலிருந்து வந்த தரமான ஆய்வுக் கட்டுரைகள் இரண்டே என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஆய்வேட்டுக்கு யாரும் இவ்வளவு அவகாசம் தரமாட்டார்கள்.

பணக் கதை இதைவிட மோசம். 2011 சுனாமியில் அயுகாவா என்ற வேட்டை ஊர் அடித்துக்கொண்டு போயிற்று. அவ்வாண்டு மறுசீரமைப்பு நிதியிலிருந்து ஏறத்தாழ 230 கோடி யென் அண்டார்டிக் ஆராய்ச்சி வேட்டைக்குப் போனது. வேட்டை நடந்தால்தான் அயுகாவா போன்ற ஊர்கள் பிழைக்கும் என்று காரணம் சொன்னார்கள். அயுகாவாவின் சிறிய படகுகள் ஒருநாளும் அண்டார்டிகா போனதில்லை. ஊரின் பெயரைச் சொல்லிக் கப்பலுக்குப் பணம் வாங்கினார்கள்.

எதிர்ப்பாளர் பக்கமும் ஒரு புனைவு உண்டு. ஆர்னே கல்லாண்ட் என்ற நார்வே மானுடவியலாளர் 1993இல் அதை நன்றாகப் பிடித்தார். உலகில் மிகப் பெரிய விலங்கு நீலத் திமிங்கிலம். மிகப் பெரிய மூளை ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு. பாடுவது கூன்முதுகுத் திமிங்கிலம். அழிவின் விளிம்பில் இருப்பவை வேறு சில. இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, கடலில் எங்குமே நீந்தாத ஒரு மகா திமிங்கிலத்தை இயக்கங்கள் படைத்துவிட்டன என்றார் அவர். 1970இல் ரோஜர் பெய்ன் வெளியிட்ட கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டு இசைத்தட்டைக் கேட்டு உருகியவர்கள், மிங்கியையும் அதே உருக்கத்தோடு பார்த்தார்கள். மிங்கி பல கடல்களில் ஏராளமாக இருக்கிறது. ஜப்பானிய அதிகாரி கோமாத்சு 2001இல் அதைக் கடலின் கரப்பான்பூச்சி என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். சொல் கேவலமானது. அதற்காக மிங்கி அருகிவிட்டது என்று ஆகிவிடாது.

இந்தப் புனைவுகள் மோதியதில் நசுங்கியவை சிறு ஊர்கள்தான். 1988க்குப் பிறகு பல ஆண்டுகள் ஜப்பான் ஆணையத்திடம் கேட்டது: அயுகாவா, தைஜி, வாடா, அபாஷிரி ஆகிய நான்கு ஊர்களின் சிறுபடகுகளுக்குச் சில பத்து மிங்கிகளையாவது அனுமதியுங்கள். ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள். ஆனால் அலாஸ்கா இனுய்ட் மக்களுக்கு அனுமதி தொடர்ந்தது. 2002இல் ஷிமோனோசெகியில் கூட்டம் நடந்தபோது ஜப்பான் தரப்பு அந்த இனுய்ட் பங்கையே தடுத்து வஞ்சம் தீர்த்தது. பிறகு அது மீண்டும் கிடைத்தது. ஒரு பழங்குடியின் சாப்பாட்டைப் பணயம் வைத்ததை என்னால் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

வாடாவைப் பற்றி ஒரு சொல். சிபா மாவட்டத்தின் அந்த ஊரில் கோடையில் பெயர்டு அலகுத் திமிங்கிலம் பிடிப்பார்கள். ஆணையத்தின் தடைப் பட்டியலில் அது இல்லாததால் வேட்டை நின்றதே இல்லை. பிடித்ததை இரவு முழுதும் நீரில் கட்டிப்போட்டு இறைச்சி இளகவிட்டு, மறுநாள் சரிவுமேடையில் ஏற்றி, நீண்ட பிடிக் கத்தியால் தோலை நாடா நாடாக உரிப்பார்கள். ஊரார் வாளியோடு வந்து வாங்கிப் போவார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டுவார்கள். வீட்டில் அந்த இறைச்சியைச் சோயா சாறில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். கருவாட்டைப் பற்றிப் பேசவில்லையே என்று குறைப்பட்டவர்களுக்கு, இதோ கருவாடு.

வலியைப் பற்றிய வாதம் மட்டும் எனக்குக் கனமாகப் படுகிறது. எண்ணிக்கை வாதத்துக்குக் கணக்குச் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. நார்வே 2011, 2012 ஆண்டுகளில் அளந்து பார்த்தது. வெடி ஈட்டி பாய்ந்த 271 மிங்கிகளில் 82 விழுக்காடு அந்தக் கணமே இறந்தன. மீதி, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, பல நிமிடங்கள் துடித்தன. ஆடும் கடலில், ஆடும் கப்பலிலிருந்து இதற்குமேல் துல்லியம் வராது. கூண்டில் அடைத்து வளர்த்த கோழியை உண்டுகொண்டே இதைப் பேசலாமா என்றால், பேசலாம். அந்தக் கோழிக்காகவும் சேர்த்துப் பேச வேண்டும்.

தைஜிக்குத் திரும்புவோம். 2009இல் வந்த 'தி கோவ்' ஆவணப்படத்தால் உலகம் அறிந்தது அந்த ஊரின் ஓங்கில் வேட்டையைத்தான். அங்கே குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கிலத்தையும் உண்கிறார்கள். அதே இனம்தான் 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேல் ஒதுங்கியது. நம் மீனவர்கள் இரவெல்லாம் படகில் கட்டிக் கடலுக்கு இழுத்துப் போனார்கள். அப்படியும் நாற்பதுக்கு மேல் மாண்டன. தைஜியில் அந்த இறைச்சி உண்பவர்களுக்கு வேறொரு விலை உண்டு. இந்த வகை பாதரசத்தை உடலில் சேர்த்துவைக்கும். மினமாட்டா நோய்க்கான தேசிய நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தைஜி ஆண்களின் தலைமுடியில் பாதரசம் சராசரி 11 பிபிஎம். நாட்டின் பிற இடங்களில் ஏறத்தாழ 2.5. நோய் அறிகுறி தென்படவில்லை என்றார்கள். மினமாட்டா ஊரில் பாதரச நஞ்சு மக்களை என்ன செய்தது என்று அறிந்த நாட்டில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பரிமாறுவதைப் பண்பாடு என்று சொல்லக் கூடாது.

இப்போது வேட்டை ஜப்பானின் சொந்தப் பொருளாதாரக் கடல் மண்டலத்துக்குள் நடக்கிறது. அண்டார்டிகாவை விட்டுவிட்டார்கள். அது நல்லதே. ஆனால் 2024 மே மாதம் ஷிமோனோசெகியிலிருந்து கங்கேய் மாரு என்ற புதிய தாய்க்கப்பல் புறப்பட்டது. செலவு ஏறத்தாழ 750 கோடி யென். அதே ஆண்டு ஃபின் திமிங்கிலத்தையும் பட்டியலில் சேர்த்து, 59க்கு அனுமதி தந்தார்கள். நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்தபடி பெரியது அது. அந்தக் கப்பலை இயக்கும் நிறுவனம் யோகோஹாமாவில் தானியங்கி விற்பனைப் பெட்டிகள் வைத்துத் திமிங்கிலத் துண்டு விற்கிறது. வாங்க ஆள் தேடி இயந்திரம் வைக்கும் நிலைக்கு வந்த உணவு அது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் கேள்வி நேரத்தில் கேட்கலாம். வாடாவும் அயுகாவாவும் தம் கரையோரத்தில் எண்ணிப் பிடித்து, ஊரிலேயே வெட்டி, உள்ளூரில் விற்று உண்பதை வெளியார் தடுக்க உரிமையில்லை. ஆணையம் அதை 1988லேயே அனுமதித்திருந்தால் ஆராய்ச்சி நாடகத்துக்கு அரசிடம் ஒரு சாக்கு குறைந்திருக்கும். ஃபின் திமிங்கிலம், ஏற்கெனவே பட்டியலில் உள்ள சேய் திமிங்கிலம் இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். தாய்க்கப்பலுக்கு வரிப்பணம் ஒரு யென்கூடத் தரக் கூடாது. விற்று வரும் பணத்தில் ஓடட்டும், ஓடாவிட்டால் நிற்கட்டும். அரசு கை கொடுக்காத ஆண்டில் அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டு நகராது என்பதே என் கணிப்பு.